செல்லாக் காசு சேர்ப்பவன்

போன கட்டுரையில் கால்குலஸைத் திட்டி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பில் பாதிப் பேர் கைகொடுத்தார்கள். மீதிப் பேர் "வேற உருப்படியா எதுவும் எழுத மாட்டியா?" என்றார்கள். அந்த இரண்டாவது கோஷ்டிக்காக இது.

"உனக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று யாராவது கேட்டால் "காசு சேர்க்கிறேன்" என்பேன். "பழைய காசா? நல்ல விலை போகுமே!" என்பார்கள். "இல்லை, கள்ளக்காசு" என்றதும் முகம் மாறும். ஒரு நண்பனின் அம்மா அதோடு என்னை வீட்டுக்கு அழைப்பதையே குறைத்துக்கொண்டார் :-)

பயப்படாதீர்கள். இன்று புழக்கத்தில் இருக்கும் ரூபாயின் போலியைத் தெரிந்தே கைமாற்றுவது கம்பி எண்ண வைக்கும் குற்றம். அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுப்பதில்லை. நான் சொல்வது இருநூறு வருடத்துக்கு முந்தைய கள்ளக்காசு. அதிலும் ஒரே ஒரு காசின் போலிகள்: ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்தில் அடித்த எட்டு ரியால் வெள்ளிக்காசு. ஆங்கிலேயர் இதை ஸ்பானிய டாலர் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் பியாஸ்தர் என்றார்கள்.

புதுச்சேரிப் பையனுக்கும் ஸ்பெயின் காசுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

வெள்ளி வந்த வழி

மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசியிலும், பெருவின் லிமாவிலும் ஸ்பானியர்களின் நாணயச்சாலைகள் இருந்தன. அங்கே சுரங்கத்திலிருந்து எடுத்த வெள்ளியைக் காசாக அடித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். ஒரு காசு ஏறத்தாழ 27 கிராம், நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். எடையும் மாற்றும் ஓரளவு நிலையாக இருந்ததால் உலகமே அதை நம்பியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில்கூட 1857 வரை ஸ்பானிய டாலர் சட்டப்படி செல்லுபடியாகும் பணம்.

ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு இந்தியாவில் துணி வாங்க வேண்டும். ஆனால் அவர்கள் கொண்டுவந்த சரக்கை வாங்க நம்மூரில் அவ்வளவாக ஆள் இல்லை. நம்மாட்கள் கேட்டது வெள்ளி. எனவே பிரெஞ்சுக் கப்பல்கள் பெட்டி பெட்டியாக பியாஸ்தர்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தன. ஆனால் அந்த முகத்தோடு அது கடைவீதியில் செல்லாது. உருக்கி ரூபாயாக அடிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும்போது கடப்பாக்கம் பக்கத்தில் இடிந்து கிடக்கிறதே ஆலம்பரைக் கோட்டை, அங்கே அந்தக் காலத்தில் ஒரு நாணயச்சாலை இருந்தது.

1736-இல் புதுச்சேரி ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்து அலிகானிடமிருந்து இந்த ஊரிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அடித்தது பிரெஞ்சுக்காரர். காசில் இருந்ததோ முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயர், பாரசீக எழுத்தில். பிரெஞ்சுக்காரர் அடித்தது என்பதற்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. அதே 1736-இல்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் தொடங்குகிறது. கப்பல் எப்போது வரும், அதில் வெள்ளி எவ்வளவு வரும் என்பதுதான் அன்று இந்த ஊரின் பெரிய கவலை.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறதா? 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய ஸ்பானியக் காசுகளில் பெரும்பாலானவை உலைக்குப் போய்விட்டன. பிறை போட்ட ரூபாயாக மாறி, பிறகு யார் வீட்டுக் கொலுசாகவோ அரைஞாணாகவோ ஆகிவிட்டன. அப்படியிருக்க, இன்றும் நம்மூர்ப் பழைய வீடுகளில் எப்போதாவது ஒரு பியாஸ்தர் தலைகாட்டுகிறதே, அது எப்படி?

அது வேறு வழியாக வந்தது. சைகோன் வழியாக. பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்த பிறகு புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அங்கே குமாஸ்தாவாகவும், வரி வசூலிப்பவராகவும், காவலராகவும், வியாபாரியாகவும் போனார்கள். ராணுவத்தில் போன சொல்தாக்களும் உண்டு. அங்கே 1885 முதல் பிரெஞ்சு அரசு அடித்த வெள்ளிக்காசின் பெயரும் பியாஸ்தர்தான். 27.215 கிராம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. 1895-இல் எடையை 27 கிராம் ஆக்கினார்கள். ஸ்பானிய டாலருக்குப் பிறகு வந்த மெக்சிகோ வெள்ளிக்காசோடு போட்டி போட அடித்ததால்தான் இந்த எடை. அதாவது சைகோன் பியாஸ்தர் என்பது நம் எட்டு ரியாலின் பேரப்பிள்ளை. தாத்தாவும் பேரனும் கிழக்கே ஒரே சந்தைகளில் புழங்கியவர்கள். ஊர் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் சில சமயம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

போலி எத்தனை வகை?

உலகமே நம்பும் காசு என்றால் உலகமே அதைப் போலி செய்யும். எனக்குத் தெரிந்தவரை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அரசாங்கமே செய்த மோசடி. 1640-களில் பொத்தோசி நாணயச்சாலையிலேயே வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிக் காசு அடித்தார்கள். ஐரோப்பாவில் குட்டு வெளிப்பட்டு, பொத்தோசிக் காசு என்றாலே வாங்க மறுத்தார்கள். விசாரணைக்கு ஆள் வந்து, கோமெஸ் தெ லா ரோச்சா என்ற பெரிய வெள்ளி வியாபாரிக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். காசைச் சோதித்து முத்திரை போட வேண்டிய அதிகாரியும் தப்பவில்லை. கடைசியில் 1652-இல் காசின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

அதோடு விட்டார்களா? 1772-இல் ஸ்பெயின் அரசு புது வடிவக் காசு வெளியிடும் சாக்கில் மாற்றைக் கமுக்கமாகக் குறைத்தது. ஆயிரத்துக்கு 917 பங்கு இருந்த வெள்ளி 903 ஆனது. 1786-இல் மறுபடியும் குறைத்து 896. வெளியே மூச்சுவிடவில்லை. தனியாள் செய்தால் கள்ளக்காசு, ராஜா செய்தால் பொருளாதாரக் கொள்கை!

இரண்டாவது வகைதான் என் வகை. அந்தக் காசு புழக்கத்தில் இருந்த காலத்திலேயே, கடைக்காரரை ஏமாற்றிச் செலவழிக்கச் செய்த போலி. செம்பின் மேல் வெள்ளித் தகடு ஒட்டி அடித்தது, ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தது, பாதி வெள்ளி பாதி செம்பு என்று பல தினுசு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகள் இதில் பெயர்போனவை. சீனாவிலும் உள்ளூர்க் கைவேலையாக நடந்தது. இங்கிலாந்து வங்கி 1797-இல் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கையிலிருந்த ஸ்பானிய டாலர்கள் மேல் தங்கள் ராஜாவின் தலையைச் சின்னதாகக் குத்தி வெளியிட்டது. கள்ளர்கள் அந்தச் சின்னத் தலையையும் போலி செய்தார்கள். 1804-இல் முத்திரையை எண்கோணமாக மாற்றினார்கள். அதையும் செய்தார்கள். கடைசியில் அதே வருடம், இயந்திரத்தில் காசு முழுவதையும் புதிதாக மேலே அடித்தே வெளியிட்டார்கள்.

மூன்றாவது வகை, இன்றைய சேகரிப்பாளரை ஏமாற்றச் செய்யும் போலி. இதற்கு வரலாறும் கிடையாது, மரியாதையும் கிடையாது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் "1818, கிழக்கிந்தியக் கம்பெனி, அனுமார் காசு" என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. "அரிசியை இழுக்கும் காசு" என்று யாராவது சொன்னால் நகராதீர்கள், ஓடுங்கள். எட்டு ரியாலிலும் இந்த ரகம் ஏராளம். இரும்பின் மேல் முலாம் பூசியதெல்லாம் சக்கைபோடு போடுகிறது. காந்தத்தில் ஒட்டுகிறது என்றால் சோதனை அத்தோடு முடிந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இது நமக்குப் புதிய கலை இல்லை. சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று இன்னொருவர் உண்டு. வண்ணக்கன் என்றால் காசைச் சோதித்து நல்லது கெட்டது சொல்பவர். உரைகல், ஆணிப்பொன், பத்தரை மாற்று என்றெல்லாம் இன்றைக்கும் பேசுகிறோமே, எல்லாம் அந்தத் தொழிலின் மிச்சம். பிற்காலத்தில் அந்த வேலையைச் சராபு செய்தார். அந்தச் சொல் ஆங்கிலேயர் வாயில் "ஷ்ராஃப்" ஆகிக் கப்பலேறிச் சீனத் துறைமுகங்கள் வரை போனது. ஹாங்காங்கில் கார் நிறுத்துமிடத்தில் காசு கட்டும் ஜன்னலுக்கு அதுதான் பெயர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். என்னிடம் உள்ள கருவிகள்: நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், தையல் நூல், பூதக்கண்ணாடி, காந்தம். மொத்தமும் ஒரு நல்ல செருப்பு விலைக்குள் அடங்கும்.

முதலில் எடை. நல்ல எட்டு ரியால் 27.07 கிராம் அளவில் இருக்க வேண்டும். ஆனால் இருநூறு வருடம் கைமாறிய காசு தேய்ந்திருக்கும். எனவே எடை குறைவு என்பதற்காக மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது ஒப்படர்த்தி. பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு வாழ்க்கையில் பயன் உண்டா என்று கேட்பவர்கள் கவனிக்கவும். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.96. எட்டு ரியாலின் வெள்ளிக் கலவைக்கு 10.3 பக்கம் வர வேண்டும். காசு தேய்ந்தால் எடை குறையும், ஆனால் இந்த எண் மாறாது. அதுதான் இதன் அழகு. ஆர்க்கிமிடீஸ் வாழ்க!

மூன்றாவது விளிம்பு. 1772-க்குப் பிறகு வந்த ராஜா தலைக் காசுகளில் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம், ஒரு செவ்வகம் என்று மாறி மாறிக் கோலம் இருக்கும். வட்டத்தகட்டை இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருட்டி அதைப் பதித்தார்கள். அதனால் எதிரெதிரே இரண்டு இடங்களில் கோலம் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கள்ளன் விளிம்பில்தான் சோம்பேறித்தனம் காட்டுவான். கோலம் கோணலாக இருக்கும், அல்லது வார்த்த அச்சின் தையல் கோடு சுற்றிலும் ஓடும்.

நான்காவது எழுத்து. ஒவ்வொரு காசிலும் நாணயச்சாலையின் குறியும் அந்தக் காலத்துச் சோதனை அதிகாரிகளின் பெயரெழுத்துகளும் இருக்கும். 1790-களில் மெக்சிகோ காசு என்றால் எஃப், எம் என்ற இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும். வருடமும் ராஜாவும் அதிகாரியும் ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. ராஜா மூன்றாம் கார்லோஸ் 1788-இல் இறந்துவிட்டார். புது ராஜாவின் உருவம் கடல் தாண்டி வந்து சேரும்வரை, அடுத்த இரண்டு வருடக் காசுகளில் பழைய ராஜாவின் முகத்தோடு புது ராஜாவின் பெயரை அடித்தார்கள். பார்த்தால் போலி மாதிரி இருக்கும், ஆனால் அசல்!

ஐந்தாவது உலோகமே சொல்லும் சாட்சி. 1790-கள் என்று வருடம் போட்டிருக்கும், காசோ ஜெர்மன் சில்வரில் இருக்கும். அந்த உலோகம் ஐரோப்பாவில் தயாரிப்புக்கு வந்ததே 1820-களில். அப்புறம் என்ன, கள்ளனே தேதியோடு மாட்டிக்கொண்டான்.

சைகோன் மூட்டை

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். சொந்தமில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே பெரியம்மாதான். அவர் மாமனார் சைகோனில் வேலை பார்த்தவர். அந்த மனிதர் கொண்டுவந்த காசுகள் சின்ன வெல்வெட் பையில் ஒன்பது இருந்தன. பேத்திக்கு நர்சிங் படிப்பு கிடைத்திருந்தது. முதல் தவணைக் கட்டணம் கட்ட வேண்டும். "தம்பி, நீதான் இதெல்லாம் பாப்பியே. கடைக்காரன் ஏமாத்திடுவான். இன்னா போகும்னு பாத்துச் சொல்லு" என்று பையை என்னிடம் கொடுத்தார்.

எட்டு காசுகள் சைகோன் பியாஸ்தர். ஒவ்வொன்றாக எடை போட்டு, தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். எட்டும் பழுதில்லை. ஒன்பதாவதுதான் மூத்தது. நான்காம் கார்லோஸின் தலை, 1795 என்று வருடம், மெக்சிகோ குறி. பெரியம்மா வீட்டில் அதைத்தான் "பெரிய காசு" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற எட்டையும் சேர்த்தாலும் இந்த ஒன்றின் விலை வராது என்று மாமனார் சொல்லியிருந்தாராம். அவர்கள் போட்டிருந்த கணக்கெல்லாம் இந்தக் காசை நம்பித்தான்.

எடை 24.31 கிராம். தண்ணீர் 2.72. வகுத்தால் 8.94. அதாவது ஏறக்குறைய வெறும் செம்பு.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் ராஜாவின் கன்னத்திலும் காதோரச் சுருளிலும் லேசான சிவப்பு. வெள்ளித் தகடு தேய்ந்து உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கிறது. அதிகாரி எழுத்துகள் எஃப், எம் இல்லை, டி, ஹெச். அந்த டி, ஹெச் மெக்சிகோ காசில் வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. அச்சு செதுக்கியவன் இரண்டு வெவ்வேறு காசுகளைப் பார்த்து ஆளுக்குப் பாதி காப்பி அடித்திருக்கிறான். (தேர்வில் முன்னாலும் பக்கத்திலும் பார்த்து எழுதுபவர்கள் மாட்டுவதும் இப்படித்தான்.)

ஆனால் என்னை நிறுத்தியது வேறு. காசின் மேல் மூன்று காயங்கள். இரண்டு, சீன வியாபாரிகள் குத்தும் சின்ன எழுத்து முத்திரை. சீனாவில் வெள்ளிக் காசைச் சோதித்துப் பார்த்து, நல்லது என்றால் கடைக்காரர் தன் முத்திரையைக் குத்தி அனுப்புவார். அதுவும் நான்காம் கார்லோஸ் முகம் போட்ட காசுக்கு அங்கே தனி மவுசு. மூன்றாவது, விளிம்பில் உளியால் போட்ட ஒரு வெட்டு. வெட்டுக்குள் செம்பு தெரிகிறது. இரண்டு பேர் நம்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நம்பவில்லை. வெட்டிப் பார்த்திருக்கிறார். அந்த நிமிடத்தில் யார் கையில் அது இருந்ததோ, அவருடைய ஒரு மாதக் கூலி செம்பாகிப் போயிருக்கலாம்.

அசல் காசு ஒன்றில் இந்தக் கதை கிடைக்காது. அசல் காசை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை, அதனால் அது எதையும் சொல்வதும் இல்லை.

பெரியம்மாவின் மகனோடு ஒரு பழங்காசு வியாபாரியிடம் போனோம் (ஊரும் பேரும் வேண்டாம்). பியாஸ்தர்களுக்கு நியாயமான விலை சொன்னார். பெரிய காசைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே மெதுவாகச் சொன்னார்: "வெட்டு இருக்கிற பக்கத்தைக் கீழ வச்சு போட்டோ எடுத்துப் போடுங்க. ரெண்டு சீன முத்திரை இருக்கு, பாக்கிறவன் அசல்னுதான் நினைப்பான். வித்துத் தரேன், எனக்குப் பாதி." அவர் சொன்ன தொகை, உண்மையாகவே, பேத்தியின் கட்டணத்தில் பெரும்பகுதியை அடைக்கும்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னதான் தத்துவம் பேசினாலும், கட்டணம் கட்டப்போவது நான் இல்லையே? முகம் தெரியாத யாரோ பணக்காரச் சேகரிப்பாளர் ஏமாந்தால் யாருக்கு என்ன என்று ஒரு மனசு சொன்னது. அப்படித்தானே அந்த இரண்டு முத்திரைக்காரர்களையும் ஏமாற்றியவன் நினைத்திருப்பான் என்று இன்னொரு மனசு.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வியாபாரி சொன்ன வழி உட்பட. தராசையும் டம்ளரையும் கொண்டுபோய் அவர் எதிரிலேயே செய்து காட்டினேன். ஒரு பியாஸ்தரைத் தொங்கவிட்டேன், பெரிய காசைத் தொங்கவிட்டேன். எண்ணைப் பார்த்தார், விளிம்பைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாமனாரை எவனோ ஏமாத்திட்டான். அதுக்காக நாம இன்னொருத்தன ஏமாத்தறதா? அந்தப் புள்ள ஊசி போடப் போறவ தம்பி, கள்ளப் பணத்துல படிக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வசனம் எதுவும் இல்லை.

எட்டு பியாஸ்தர்களையும் வேறு ஒருவரிடம் விற்றார்கள். போதவில்லை. காதில் இருந்ததை அடகு வைத்து மீதியைக் கட்டினார்கள். பெண் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். பெரிய காசை என்னிடம் கொடுக்க முன்வந்தார், நான் வாங்கவில்லை. அது அவர்கள் குடும்பத்துக் கதை. பையோடு பீரோவில் இருக்கட்டும் என்றேன். ஒரு அட்டையில் எடை, ஒப்படர்த்தி, "இது போலி, செம்பின் மேல் வெள்ளித் தகடு" என்று எழுதிப் பைக்குள் வைத்தேன். நாளைக்குக் கொள்ளுப் பேரன் யாராவது விற்கக் கிளம்பினால் அவனுக்கும் தெரிய வேண்டுமே.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள்

இந்தச் சேகரிப்பில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று: போலியைப் போலி என்று எழுதித்தான் வைக்க வேண்டும். காசு உறையில் பெரிய எழுத்தில். கைமாறும்போதும் அந்த அட்டை கூடவே போக வேண்டும். அமெரிக்காவில் 1973 முதல், சேகரிப்புக் காசுகளின் நகல் செய்பவர்கள் அதன் மேலேயே நகல் என்று பொறிக்க வேண்டும் எனச் சட்டம் இருக்கிறது. நமக்குச் சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு: புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்காதீர்கள்! குத்துவிளக்கு வேறு, காசு வேறு. தேய்மானமும் கறுப்பும்தான் வயதுக்குச் சாட்சி. சோதிக்கிறேன் என்று புதிதாக வெட்டவும் வேண்டாம், தண்ணீர் டம்ளர் போதும்.

மூன்று: நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். வெளிநாட்டில் நல்ல விலை கேட்கிறார்கள் என்று தபாலில் அனுப்பக் கூடாது.

நான்கு: அசலை நன்றாகப் பார்த்துப் பழகாமல் போலியைத் தேடிப் போகாதீர்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை மணிக்கணக்கில் பாருங்கள். நம்மூர்ச் செப்புக் காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் "புதுச்சேரி" என்று இருக்கும். அதிலிருந்து தொடங்கினாலும் நல்லதுதான்.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல், நாணயம். யோசித்துப் பார்த்தால், எட்டு ரியாலின் கதை முழுக்க இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மாற்றைக் கமுக்கமாகக் குறைத்த ராஜாவிடம் நாணயம் இருந்தது, நாணயம் இல்லை. பெரியம்மா வீட்டில் செல்லாத நாணயம் ஒன்று இருக்கிறது, ஆனால் அந்த வீடு நாணயமான வீடு.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் சைகோன் காசு இருந்தால், விற்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். எண் 10.3 வந்தால் சந்தோஷம். 8.9 வந்தால் வருத்தப்படாதீர்கள், விளிம்பில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் இருப்பவர்களுக்கு என் தராசு இலவசம். டம்ளரை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

அடுத்த கட்டுரையில் மறுபடியும் கால்குலஸ்தான்.